ஏழு நாள் இயல்பு

கோப்பின் அளவு பதினான்கு ஜிகாபைட். அதைத் தன் மடிக்கணினியிலிருந்து உப்பள அலுவலகத்தின் சர்வருக்குள் ஏற்ற கிருபாவுக்கு நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் கணக்கப்பிள்ளை ஞானதுரை அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“மிஷின் எப்பம்மா வரும்?”

“இதுதான் சார் மிஷின். ஏறிட்டு இருக்கு.”

“இது கோப்புல்லா?”

“கோப்புதான். ஏறி முடிஞ்சதும் உங்க சர்வருக்குள்ளயே ஒரு தனிக் கம்ப்யூட்டர் மாதிரி ஓட ஆரம்பிச்சிடும். விர்ச்சுவல் அப்ளையன்ஸ்னு சொல்லுவாங்க. பெட்டின்னு தனியா எதுவும் வராது.”

ஞானதுரை பக்கத்து அறையை எட்டிப் பார்த்தார். அங்கே மேசை போட்டு, ஏசி மாட்டி, தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

“ஞாயித்துக்கிழமை ஃபாதர் மந்திரிக்க வாராரு. இப்ப எதை மந்திரிக்க?”

பதில் தெரியாதபோது அவள் திரையைப் பார்ப்பாள். பார்த்தாள்.

அப்ளையன்ஸ் எழுந்ததும் ஒவ்வொன்றாகக் கேட்டது. தனக்கு என்ன பெயர், வலையில் தன் முகவரி எது, வெளியே போக வழி எது, எந்த ஊர் நேரம், என்ன கடவுச்சொல். நோட்டில் எழுதிவைத்திருந்ததைப் பார்த்து நிரப்பினாள். நிரப்பிய ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்சிலால் ஒரு கோடு போட்டாள். பிறகு ‘கண்டறி’ என்ற பொத்தானை அழுத்தினாள். முதலில் உப்பளத்தில் நட்டிருந்த ஏழு சிக்னல் கோபுரங்கள் தெரிந்தன. அடுத்து பட்டைகள், ஒவ்வொன்றாக, பச்சைப் புள்ளிகளாக. நூற்றுப் பதினெட்டு.

பட்டைகள் மேல்கையில் கட்டுபவை. நாடித்துடிப்பையும் உடம்பின் உள்வெப்பத்தையும் அளந்து நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பும். தொடர்ந்து மூன்று கோடைகளில் வெயிலில் வேலை செய்தவர்கள் விழுந்து இறந்த பிறகு சட்டம் வந்தது. திறந்த வெளியில் வேலை செய்யும் எல்லாரும் பட்டை கட்டியாக வேண்டும். கிருபாவின் நிறுவனம் அதற்கு முன்பு ரூட்டர்களையும் ஸ்விட்சுகளையும் கண்காணிக்கும் மென்பொருள் செய்துகொண்டிருந்தது. சட்டம் வந்ததும் அதே மென்பொருளைக் கொஞ்சம் மாற்றினார்கள். அதிகம் மாற்றத் தேவைப்படவில்லை. ரூட்டரும் சூடாகும், மனிதரும் சூடாவார். வலையில் இரண்டும் ஒரு முனைதான்.

“எவ்வளவு சூடானா அடிக்கும்?” என்றார் ஞானதுரை.

“அவங்கவங்க இயல்பைத் தாண்டினா.”

“இயல்புன்னா எவ்வளவு?”

“ஆளுக்கு ஆள் மாறும் சார். முதல் ஏழு நாள் அது சும்மா பார்த்துக்கிட்டிருக்கும். அந்த ஏழு நாளும் அலாரம் கிடையாது. பார்த்ததை வச்சு, இவங்களுக்கு இதுதான் இயல்புன்னு அதுவே முடிவு பண்ணிக்கும். எட்டாவது நாள்லேர்ந்து அதைத் தாண்டினா அடிக்கும். அடிச்சா அவங்க அன்னைக்கு வேலை செய்யக் கூடாது. தகவல் தானா மாவட்ட ஆபீஸுக்குப் போயிடும். நம்மால அழிக்க முடியாது.”

“மாசத்துல ரெண்டு தரம் அடிச்சா மெடிக்கல் போர்டு. அது தெரியும்.” அவர் திரையில் இருந்த பச்சைப் புள்ளிகளைப் பார்த்தார். “எல்லாம் நம்ம பிள்ளைகளா இது? பாக்கதுக்கு நல்லாத்தான் இருக்கு.”

ஃபாதர் ஞாயிற்றுக்கிழமை வந்து ஏசியையும் மானிட்டரையும் மந்திரித்துவிட்டுப் போனார்.

ஏழாம் நாள் வேலை முடிந்ததும் அப்ளையன்ஸ் கற்றுக்கொள்வதை நிறுத்திக்கொண்டது. கிருபா அறிக்கை எழுத வேண்டும். அதற்கு முன் நூற்றுப் பதினெட்டு வரைபடங்களையும் திறந்து பார்த்தாள். நிறுவனத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. அவளுக்கு அது பழக்கம். இயற்பியல் படித்தபோது, கடைசி விடை சரியாக வந்தாலும் நடுவில் உள்ள அளவுகளை ஒருமுறை பார்த்துவிடுவாள்.

ஐம்பத்தேழாவது முனையில் நின்றாள்.

மற்றவர்களின் கோடு ஏழு நாளும் ஒரே மாதிரி ஏறி இறங்கியிருந்தது. ஐம்பத்தேழின் கோடு ஒரு நாள் மிக உயரமாகவும் மறுநாள் மிகத் தாழ்வாகவும் இருந்தது. அதனால் அப்ளையன்ஸ் அதற்கு வகுத்த இயல்பு மற்ற யாருக்கும் இல்லாத அளவுக்கு அகலமாக இருந்தது. பெயர் தங்கபுஷ்பம். வயது நாற்பத்தாறு. பட்டை பழுது என்று நினைத்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மாற்றுப் பட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு பாத்திகளுக்கு நடுவே நடந்தாள். பெண்கள் தலையில் கூடையோடு வரப்பில் வரிசையாக வந்து, தட்டுமேட்டில் உப்பைக் கொட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

“ஐம்பத்தேழு யாருங்க? தங்கபுஷ்பம்?”

கூடையைக் கொட்டிக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்தாள். “நான்தான்.”

முப்பதுகூட இருக்காது. கிருபா நோட்டைப் பார்த்தாள். “உங்க வயசு நாப்பத்தாறுன்னு போட்டிருக்கு.”

பின்னால் வந்த பெரிய உருவம் கூடையோடு சிரித்தது. “உப்புத் தண்ணியில நின்னா வயசு ஏறாது பிள்ளை. ஊறுகா மாதிரி.”

எல்லாரும் சிரித்தார்கள். கிருபாவும் சிரிக்கப் பார்த்தாள். பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றாள்.

“ஏட்டி கனி, சொல்லித் தொலை,” என்றாள் அந்தப் பெரிய பெண். அவள் பெயர் பாக்கியசெல்வி. “கேக்கதுக்கே இதுக்கு வேர்க்கு. இது போயி யாருகிட்ட சொல்லப்போவுது?”

இளையவள் கூடையைக் கீழே வைத்தாள். “என் பேரு சுயம்புக்கனி. தங்கபுஷ்பம் எனக்கு அக்கா முறை. ஓர்ப்படியா. அண்ணனை அவ கட்டினா, தம்பியை நான் கட்டினேன். ஒரு நாள் அவ வருவா, ஒரு நாள் நான் வருவேன். பேரு அவ பேரு.”

“எத்தனை நாளா?”

“ஆறு வருஷமா. முந்தி எல்லாருந்தான் மாத்தாள் விடுவோம். பட்டை வந்ததும் மத்தவ எல்லாம் விட்டுட்டா. எங்களால முடியல.”

“ஏன்?”

“அவளை வந்து பாருங்க. தெரியும்.”

அன்று மதியம் கிருபா அவர்கள் வீட்டுக்குப் போனாள். தங்கபுஷ்பம் நாற்காலியில் உட்கார்ந்து, கால்களை இன்னொரு நாற்காலியின் மேல் நீட்டியிருந்தாள். கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில் கணுக்கால் தெரியவில்லை. எழுந்திருக்கப் பார்த்தவளை கிருபா கையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

“அது உங்க ரெண்டு பேரையும் ஒரே ஆள்னு எடுத்துக்கிச்சு,” என்றாள். தரையைப் பார்த்துப் பேசுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. “கனி உடம்பு எவ்வளவு கம்மியா போகுதோ அதுவும் இயல்பு, உங்க உடம்பு எவ்வளவு ஏறுதோ அதுவும் இயல்பு. நடுவுல இருக்கிறது அத்தனையும் இயல்பு. இன்னும் மேல போனாலும் கொஞ்ச தூரம் வரைக்கும் அது கண்டுக்காது. உங்களுக்கு ரொம்ப முடியாமப் போனாக்கூட அலாரம் அடிக்காது.”

“அடிக்காதா?”

“அடிக்காது.”

“என்ன ஆனாலும்?”

“நீங்க விழுந்த பிறகுதான் தெரியும்.”

தங்கபுஷ்பம் சிரித்தாள். “நல்ல சேதியைச் சொல்லவா மூஞ்சியை இப்படி வச்சிருக்க? ஏட்டி கனி, பிள்ளைக்குக் காபி போடு.”

“இல்லம்மா, நான் சொல்றது...”

“நீ சொல்லுதது எனக்குப் புரியுது. நான் சொல்லுததைக் கேளு. ரெண்டு தரம் அடிச்சா போர்டுக்கு அனுப்புவாவ. அங்க சிறுநீரைச் சோதிப்பாவ. கிட்னி பாதிதான் ஓடுதுன்னு தெரிஞ்சா பேரை அடிச்சிருவாவ. என் பேரு போனா இவளுக்கும் போச்சு. மிஷினு கண்ணுக்கு நான் தெரியலன்னா அது கர்த்தர் செஞ்ச காரியம்.”

வாசல்வரை வழியனுப்ப வந்த சுயம்புக்கனி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“போன மாசம் பாத்தியிலயே உக்காந்துட்டா. நான் இல்ல. பாக்கியக்காதான் தூக்கிட்டு வந்தாவ. எனக்கு அது அடிக்கணும் பிள்ளை. அவ என்னைய ஏசினாலும் அது அடிக்கணும்.”

கிருபா சென்னையில் இருந்த தன் மேலாளர் சுதர்சனுக்கு போன் செய்தாள். பெயர் எதையும் சொல்லவில்லை. ஒரு முனையின் பட்டையை இரண்டு பேர் மாற்றி மாற்றிக் கட்டினால் என்ன செய்வது என்று மட்டும் கேட்டாள்.

“ரிப்போர்ட் பண்ணணும். ரெண்டு பேரையும் எடுத்துடுவாங்க,” என்றார் அவர்.

“வேற வழி?”

“அந்த முனையை விலக்கி வைக்கலாம். ஆனா பட்டை இல்லாம வேலை செய்யக் கூடாது. அதுவும் எடுத்த மாதிரிதான்.”

“திரும்ப முதல்லேர்ந்து கத்துக்க விட்டா?”

“ஒரு முனைக்கு மட்டும் முடியாது. மொத்தத்தையும் அழிச்சிட்டு மறுபடி நிறுவணும். ஒரு பருவத்துக்கு ஒரு தடவைதான் அனுமதி, அதுக்கும் காரணம் எழுதணும். இன்னும் ஏழு நாள், கிருபா. மே மாசத்துல. நூத்திப் பதினெட்டு பேருக்கும் அலாரம் இல்லாம. ஒருத்தருக்காகவா?”

“யோசி,” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ஞானதுரையிடம் போனபோது அவர் ஆச்சரியப்படவில்லை. “ஆறு வருஷமா எனக்குத் தெரியாமலா இருக்கும்? அந்தப் பிள்ளையைத் தனிப் பேருல சேக்கணும்னா சேத்துக்கிடுதேன். நூத்திப் பத்தொன்பது. ரெண்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் வரட்டும். ஆனா மூணு வேலை நாள் தொடந்து பட்டை பேசலன்னா பேரு தானா விழுந்துரும். அது உங்க மிஷினு செய்யுதது. அதுல நான் கை வைக்க முடியாது.”

மறுநாள் பத்து மணி இடைவேளையில், லாரி நிழலில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் கிருபா விஷயத்தைச் சொன்னாள். நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது பேருக்கு முன்னால் அவள் எப்போதும் பேசியதில்லை.

“சத்தமா சொல்லு பிள்ளை, கொசு பாடுத மாதிரி இருக்கு.”

திரும்பச் சொன்னாள். ஏழு நாள் யாருக்கும் அலாரம் இருக்காது.

“ஒருத்திக்காக நாங்க எல்லாருமா?” என்றாள் ஒருத்தி.

“எனக்கு வேண்டாம்னு நானே சொல்லுதேன்,” என்றாள் தங்கபுஷ்பம். அன்று அவளுடைய நாள். “எவளும் எனக்காக ஒண்ணும் செய்ய வேண்டாம்.”

“உன்னைய யாருட்டி கேட்டா?” என்றாள் பாக்கியசெல்வி. “போன மாசம் தூக்கினது நான். உன் கனம் எனக்குத்தான் தெரியும். இன்னொரு தரம் தூக்க என் முதுகு தாங்காது.” அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். “நேத்துதான் இந்த மிஷினு முழிச்சுது. அதுக்கு முந்தி எது அடிச்சுது நமக்கு? ரெண்டு ரெண்டு பேரா சேந்து நடங்க. பக்கத்துல இருக்கவ மூஞ்சியைப் பாத்துக்கிடுங்க. அம்புட்டுதான்.”

முதலில் கேட்டவள் எதுவும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை மூடினாள். அதை எல்லாரும் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

கிருபா அப்ளையன்ஸை அழித்தாள். காரணம் என்ற கட்டத்தில், ‘நிறுவும்போது நேர மண்டலம் தவறாகக் கொடுக்கப்பட்டது. கற்ற அளவுகள் செல்லாது. தவறு நிறுவியவருடையது’ என்று எழுதினாள். எழுதியதை இரண்டு முறை படித்தாள். அவள் வேலையில் எழுதிய முதல் பொய் அது.

சுதர்சன் உடனே அழைத்தார். “நேர மண்டலமா? நீயா?”

“ஆமா சார்.”

“நீ கோடு போட்டு டிக் பண்ற ஆளு.”

கிருபா நோட்டை மூடி வைத்தாள்.

“சரி. மதிப்பீட்டுல இது இருக்கும். என்னால எடுக்க முடியாது.”

இரண்டாவது முறை நிறுவ இருபத்தைந்து நிமிடம்தான் ஆனது. நூற்றுப் பத்தொன்பது புள்ளிகள். ஏழு நாளும் வேலை நேரம் முழுக்க அவளே திரைக்கு முன்னால் உட்கார்ந்து எண்களைப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். அலாரம் இல்லாவிட்டாலும் எண்கள் இருந்தன. முதல் நாள் தங்கபுஷ்பம் தன் பட்டையோடு வந்தாள். இரண்டாம் நாள் சுயம்புக்கனி தன் பட்டையோடு வந்தாள். கோடுகள் பிரிந்தன. ஒன்று மலை, ஒன்று மேடு. கிருபாவுக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை ஒன்பது இருபதுக்கு ஐம்பத்தேழின் உள்வெப்பம் முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது. அடுத்த நிமிடம் முப்பத்தொன்பது. அடுத்து முப்பத்தொன்பது புள்ளி ஒன்று. துடிப்பு நூற்று ஐம்பத்தெட்டு. புள்ளி பச்சையாகவே இருந்தது.

கிருபா எழுந்து ஓடினாள். செருப்பு வரப்பின் ஈரத்தில் வழுக்கியது. அதைக் கழற்றிவிட்டு ஓடினாள். தூரத்தில் தங்கபுஷ்பம் தலையில் கூடையோடு வரப்பின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். நடக்கவில்லை. எதையோ மறந்துவிட்டு யோசிப்பவளைப் போல நின்றாள்.

கூப்பிட வேண்டும். பள்ளியில் வருகைப் பதிவுக்குக்கூட கிருபாவின் குரல் கேட்காது. மூச்சை இழுத்து, “பாக்கியக்கா” என்று கத்தினாள். உப்பளம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

பாக்கியசெல்வி தன் கூடையைக் கீழே போட்டுவிட்டு மூன்று எட்டில் போய்ப் பிடித்தாள். உப்பு சரிந்து இரண்டு பேர் மேலும் கொட்டியது. நிழலுக்குத் தூக்கிவந்து, சேலைத் தலைப்பை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார்கள். அரை மணி நேரத்தில் தங்கபுஷ்பம் கண்ணைத் திறந்து, “கூடை யாரோடது? சேதமாச்சா?” என்றாள்.

“வாயை மூடுட்டி,” என்றாள் பாக்கியசெல்வி. தலைப்பை மறுபடியும் நனைத்தாள்.

கிருபா அலுவலகத்துக்குத் திரும்பினாள். ஐம்பத்தேழுக்கு எதிரே புதிதாக ஒரு வரி வந்திருந்தது. ‘தற்காலிக இயல்பு மேல்நோக்கித் திருத்தப்பட்டது.’

அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரைப் பிரித்துவிட்டால் சரியாகிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். தங்கபுஷ்பம் இந்த வாரம் முழுக்க இப்படியே வந்தால் அப்ளையன்ஸ் அவளை நன்றாகத் தெரிந்துகொள்ளும். நோயோடு சேர்த்து. பிறகு அவள் விழுகிற அளவுதான் அவளுடைய இயல்பு.

அப்ளையன்ஸின் விதிப்படி ஒரு முனையின் இயல்பை வகுக்கக் குறைந்தது மூன்று நாள் அளவுகள் வேண்டும். இதுவரை அது அவளை இரண்டு நாள்தான் பார்த்திருந்தது. இனி பார்க்கக் கூடாது.

மாலையில் தங்கபுஷ்பத்தின் வீட்டுக்குப் போய், ஒரு மாதம் வர வேண்டாம் என்றாள்.

“மூணு நாள் வரலன்னா பேரு போயிரும்னு உனக்குத் தெரியாதா?”

“போகாது. ரூட்டர் சூடாயிடுச்சுன்னா இறக்கி வச்சு சரிபண்ணுவாங்க. அந்த நேரத்துல அது தொலைஞ்சு போச்சுன்னு சிஸ்டம் நினைக்கக் கூடாதுல்ல. அதுக்கு ஒரு வழி இருக்கு. பராமரிப்புல இருக்குன்னு போட்டுடுவோம். புள்ளி நீலமா இருக்கும். பட்டை பேசாட்டியும் பேரு அப்படியே இருக்கும். முப்பது நாள் வரைக்கும் போடலாம்.”

“எனக்கா பராமரிப்பு? லாரிக்குல்லா அப்படிப் போடுவாவ.”

“ஆளுக்குப் போடக் கூடாதுன்னு எங்கயும் எழுதலை. நான் தேடிப் பார்த்துட்டேன்.”

தங்கபுஷ்பம் அவளை முதல் முறையாக நேராகப் பார்த்தாள். “முப்பத்தோராவது நாளு?”

“தெரியலைம்மா.”

“தெரியலன்னு சொல்லுதியே, அதுவே பெரிசு.” சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாரேன்னு அவகிட்ட சொல்லிரு. நான் சொன்னா குதிப்பா.”

அடுப்படியிலிருந்து, “எனக்குக் காது கேக்கும்,” என்றாள் சுயம்புக்கனி.

ஏழாம் நாள் மதியம் வேலை முடிந்ததும் அப்ளையன்ஸ் அட்டவணையைக் காட்டியது. நூற்றுப் பத்தொன்பது வரிகள். கிருபா மேலிருந்து படித்துக்கொண்டு வந்தாள். ஐம்பத்தேழுக்கு எதிரே இப்படி இருந்தது: ‘அளவுகள் போதவில்லை. இயல்பு வகுக்கப்படவில்லை. தொடக்க மதிப்பு பயன்படுத்தப்படும். முப்பத்தெட்டு.’

தொடக்க மதிப்பு என்று ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும். எந்த இடத்திலும் அது பயன்பட்டு அவள் பார்த்ததில்லை. எல்லா முனையும் எப்போதும் கற்றுக்கொள்ளப்பட்டுவிடும். சுதர்சனை அழைத்தாள்.

“முப்பத்தெட்டு டிகிரி யார் கொடுத்தது சார்?”

“டாக்டருங்க. ஆரோக்கியமான ஒரு ஆள் அதுக்கு மேல போகக் கூடாதுன்னு. முதல்ல நாங்க போட்ட இடத்துல அதையே வச்சோம். காலையில ஒன்பது மணிக்குள்ள ஒருத்தர் பாக்கி இல்லாம அடிச்சிடுச்சு. யாரும் வாங்க மாட்டேன்னுட்டாங்க. அப்புறம்தான் ஏழு நாள் கத்துக்கிற முறையைக் கொண்டுவந்தோம்.”

“அப்போ அந்த எண் தப்பா?”

“எண் தப்புன்னு யாரும் சொல்லலை.”

போனை வைத்துவிட்டு அட்டவணையை அளவு வாரியாக அடுக்கினாள். ஐம்பத்தேழு அடியில் போய் நின்றது. அதற்கு மேல் நூற்றுப் பதினெட்டு வரிகளும் இருந்தன. அவற்றிலேயே குறைந்தது சுயம்புக்கனி, முப்பத்தெட்டு புள்ளி ஐந்து. இந்த உப்பளத்தில் ஒரே ஒரு நோயாளியை மட்டும்தான் இயந்திரம் ஆரோக்கியமான மனுஷியாக நடத்தப்போகிறது. அதுவும் அவளை அதற்குச் சரியாகத் தெரியாததால்.

தண்ணீர் கேன் எடுக்க உள்ளே வந்த பாக்கியசெல்வி பின்னால் நின்றாள். “கடேசியில தனியா நிக்கது யாரு?”

“தங்கபுஷ்பம்மா.”

“அவளுக்கு மட்டும் ஏன் கம்மியா இருக்கு?”

“அது அவங்க அளவு இல்லக்கா. சுகமா இருக்கிற ஒரு ஆளோட அளவு. டாக்டர் சொன்னது.”

“நாங்க சுகமாத்தானே இருக்கோம்.” சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தாள். “என்னோடது எங்க?”

கிருபா விரலால் காட்டினாள். முப்பத்தொன்பது புள்ளி ஒன்று.

“அன்னைக்கு வரப்புல பிடிச்சப்ப அவளுக்கு எவ்வளவு இருந்துது?”

“அதே அளவுதான் அக்கா.”

பாக்கியசெல்வி கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பார்த்தபடி நின்றாள். கிருபா அறிக்கைப் படிவத்தைத் திறந்திருந்தாள். அதில் கடைசிக் கட்டம், ‘இயல்பிலிருந்து விலகிய முனைகள் எத்தனை?’ அப்ளையன்ஸ் அதைத் தானே நிரப்பியிருந்தது. ஒன்று.

“இதுல எண்ணை மாத்தி எழுதலாம் அக்கா,” என்றாள் கிருபா. “மத்த எல்லாரும்தான் விலகினவங்கன்னு எழுதினா, மேலேர்ந்து ஆள் வந்து பாக்கிற வரைக்கும் எல்லாருக்கும் டாக்டர் அளவுதான் ஓடும். ஒன்பது மணிக்கு மேல வேலை நடக்காது. அது எத்தனை நாளைக்குன்னு தெரியாது. நான் எழுதிட்டுப் போயிடுவேன். வீட்டுல உட்காரப்போறது நீங்கதான்.”

“உப்பு அரைக்க மில்லுக்காரன் உப்பு இல்லாம சும்மாவா இருப்பான்? ஒன்பது மணிக்கு நின்னா வெடியக்காலம் மூணு மணிக்கே தொடங்கச் சொல்லுவாரு உங்க ஞானதுரை அண்ணாச்சி.” பாக்கியசெல்வி மறுபடியும் குனிந்து தன் வரியைப் பார்த்தாள். வெளியே போகத் திரும்பினாள். கதவருகே நின்றாள். “எழுது. கேட்டா என்கிட்ட கேட்டுத்தான் எழுதினேன்னு சொல்லு.”

கிருபா ஒன்றை அழித்துவிட்டு நூற்றுப் பதினெட்டு என்று எழுதி அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் சுதர்சன் அழைத்தார்.

“கடைசிக் கட்டத்துல எண் தப்பா விழுந்திருக்கு பாரு. ஒண்ணுன்னு இருக்கணும்.”

“எது ஒண்ணு சார்?”

“விலகின முனை. ஒரே ஒரு முனைக்குத்தானே இயல்பு வகுக்கப்படலை?”

“அந்த ஒண்ணு மட்டும்தான் சார் டாக்டர் சொன்ன அளவுல இருக்கு.”

மறுமுனையில் விசைப்பலகையின் சத்தம் கேட்டது. அவர் அட்டவணையைத் திறந்து பார்க்கிறார் என்று தெரிந்தது. வெகுநேரம் ஸ்க்ரோல் செய்தார்.

“ஏற்கெனவே உன் பேர்ல ஒரு தப்பு இருக்கு,” என்றார் கடைசியில். குரல் கோபமாக இல்லை. “இது இன்னும் மாவட்ட ஆபீஸுக்குப் போகலை. என் மேசையில இருக்கு. எழுத்துப் பிழைன்னு சொன்னா நானே திருத்திடுவேன்.”

கிருபா எழுந்து நின்றாள். அவர் அவளைப் பார்க்கப்போவதில்லை என்றாலும் நின்றுகொண்டுதான் சொன்னாள்.

“பிழை இல்ல சார். அப்படியே அனுப்புங்க.”